புதிய கணினித் திரை கண்ணை வருத்துகிறதா? விளம்பரத்தில் இடம்பெறாத 'ஒளிச் சிமிட்டல்' குறித்து அறிய வேண்டியவை

புது டெல்லி: அலுவலகத்தில் பழைய மடிக்கணினியைப் பெற்றுக்கொண்டு புதியது ஒன்றை வழங்குகிறார்கள். திரை பெரியது, நிறங்கள் துல்லியமானவை, விலையும் அதிகம். ஆனால் ஒரு வாரத்திற்குள் கண் எரிச்சல், நெற்றிப்பொட்டில் வலி, சிலருக்குக் குமட்டல் கூடத் தொடங்கிவிடுகிறது. கண் பரிசோதனையில் குறை எதுவும் தென்படுவதில்லை. பழைய கணினிக்குத் திரும்பினால் தொல்லை விலகுகிறது. இப்படிச் சொல்வோருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எல்லாம் மனப்பிரமை" என்பதே.

அது மனப்பிரமைதானா, அல்லது கணினியின் வன்பொருளில் உண்மையிலேயே காரணம் இருக்கிறதா? சுருக்கமான விடை இது: பெரும்பாலானோரின் கண் சோர்வுக்குத் திரையின் தயாரிப்பு முறை முதன்மைக் காரணம் அல்ல. எனினும், ஒளியின் வேகமான ஏற்ற இறக்கங்களால் எளிதில் பாதிக்கப்படும் சிலருக்கு, எந்தத் திரையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மிகவும் முக்கியமானது. இதில் முதன்மைச் சந்தேகத்திற்குரிய அம்சம், விற்பனை விளம்பரங்களில் பெரும்பாலும் குறிப்பிடப்படுவதே இல்லை.

முதலில் பொதுவான காரணங்கள்

திரையைக் குற்றம் சாட்டுவதற்கு முன், யாருக்கும் ஏற்படக்கூடிய காரணங்களை விலக்கிப் பார்ப்பது அவசியம். அவற்றுள் முதன்மையானது கண் இமைத்தல் குறைவது. 1993-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்குச் சராசரியாக 22 முறை இமைப்பவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும் மட்டுமே இமைத்தனர். இமைப்பு குறைந்தால் விழியின் மேற்பரப்பில் உள்ள கண்ணீர்ப் படலம் உலர்கிறது. எரிச்சலும் உறுத்தலும் அதன் விளைவுகளே. குளிரூட்டியின் காற்று நேரே முகத்தில் படும் இருக்கைகளில் இது மேலும் மோசமாகும்.

அடுத்தது, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடுகள். சிறிய அளவிலான சிதறல் பார்வை, 40 வயதை ஒட்டித் தொடங்கும் வெள்ளெழுத்து, இரு கண்களையும் அருகில் உள்ள பொருளின் மீது ஒருங்கே குவிக்க இயலாமை ஆகியவை நீண்ட நேரத் திரை வேலையில்தான் வெளிப்படும். மூன்றாவது, அறை வெளிச்சத்திற்கும் திரை வெளிச்சத்திற்கும் இடையிலான பெரும் வேறுபாடு.

இம்மூன்றும் எந்தக் கணினியைப் பயன்படுத்தினாலும் தொடரக் கூடியவை. எனவே ஒருவருக்கு எல்லாத் திரைகளிலும் ஒரே அளவு தொல்லை இருந்தால், தேட வேண்டிய இடம் வன்பொருள் அல்ல. ஒரு குறிப்பிட்ட திரையில் மட்டும், அதுவும் சில நிமிடங்களிலேயே தொல்லை தொடங்கினால்தான், அந்தத் திரையின் மீது சந்தேகம் கொள்வதற்கு நியாயம் உண்டு.

ஒளிச் சிமிட்டல் என்பது என்ன?

மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதுபோல், திரையின் வெளிச்சத்தையும் மின்னோட்டத்தைக் குறைத்தே மங்கச் செய்கிறார்கள் என்று நாம் எண்ணுவது இயல்பு. பல திரைகள் அவ்வாறு இயங்குவதில்லை. அவை விளக்கை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, உடனே அணைத்து, மீண்டும் எரியவிடுகின்றன. ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. எரியும் நேரம் பாதி, அணைந்திருக்கும் நேரம் பாதி என்றால், நம் கண்ணுக்கு அது பாதி வெளிச்சமாகத் தோன்றும். இம்முறைக்குப் 'பல்ஸ் விட்த் மாடுலேஷன்', சுருக்கமாக பிடபிள்யூஎம் என்று பெயர்.

வெளிச்சத்தைக் குறைக்கக் குறைய, விளக்கு அணைந்திருக்கும் நேரம் கூடுகிறது. ஆகவே, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவில் திரையை மிகவும் மங்கலாக வைப்பவர்களே இத்தகைய திரைகளில் கடுமையான சிமிட்டலுக்கு ஆளாகிறார்கள். முழு வெளிச்சத்தில் வைத்தால் பல எல்சிடி திரைகளில் சிமிட்டல் அறவே இருப்பதில்லை.

உற்பத்தியாளர்கள் இம்முறையை விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. இதற்கான மின்சுற்று எளிமையானது, செலவு குறைவு. ஓஎல்இடி திரைகளில் மின்னோட்டத்தை மிகவும் குறைத்தால் நிறங்கள் பிறழ்ந்து, திரை முழுவதும் ஒரே சீராகத் தெரியாமல் போகும். துடிப்பு முறையில் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாதது உடலைப் பாதிக்குமா?

சீராக ஒளிரும் பரப்பு ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 50 முதல் 90 முறைக்கு மேல் சிமிட்டினால், அது தொடர்ச்சியான ஒளியாகவே நமக்குத் தெரியும். தெரியாத ஒன்று எவ்வாறு தலைவலி தரும் என்பதே இதுபற்றி எழும் முதல் கேள்வி.

இதற்கான வலுவான சான்று கணினியிலிருந்து வரவில்லை. டியூப் லைட்டிலிருந்து வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஆர்னால்ட் வில்கின்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்களிடையே நடத்திய ஆய்வு 1989-இல் வெளியானது. வழக்கமான சோக் பொருத்திய டியூப் லைட்டுகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை சிமிட்டும். அவற்றுக்குப் பதிலாக, நொடிக்குப் பல ஆயிரம் முறை இயங்கும் மின்னணு சோக் பொருத்திய விளக்குகளைக் கொடுத்தபோது, தலைவலியும் கண் சோர்வும் சராசரியாகப் பாதி அளவுக்கும் கீழே குறைந்தன. எப்போது எந்த வகை விளக்கு எரிகிறது என்பது ஊழியர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது இவ்வாய்வின் சிறப்பு. இந்தியாவிலும் மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால், இந்த 100 என்ற எண் நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

கண் ஒரே இடத்தில் நிலைத்திருப்பதில்லை என்பது மற்றொரு விளக்கம். ஒரு வரியைப் படிக்கும்போதே கண் பல முறை தாவித் தாவி நகர்கிறது. அந்தத் தாவலின்போது, சிமிட்டும் ஒளி விழித்திரையில் ஒரே கோடாகப் பதியாமல், புள்ளிப் புள்ளியாகச் சிதறிப் பதிகிறது. இரவில் சில கார்களின் பின்விளக்குகளைப் பார்த்துத் தலையைத் திருப்பும்போது, சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிவதைப் பலர் கண்டிருப்பர். அதுவே இது. இவ்வாறு கண் நகரும்போது 1000 ஹெர்ட்ஸைக் கடந்த சிமிட்டலையும் மனிதர்களால் உணர முடியும் என வில்கின்ஸும் ராபர்ட்ஸும் 2013-இல் தெரிவித்தனர். திரையில் கூர்மையான விளிம்புகள் கொண்ட படம் இருந்தால், 500 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட சிமிட்டலின் விளைவுகள் கண்ணுக்குப் புலப்படுவதாக 2015-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எழுத்துகள் நிறைந்த பக்கம் என்பது கூர்மையான விளிம்புகளின் தொகுப்பே.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் ஒளிக் கூச்சம் அதிகம் என்பதும் மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டதே. இவர்களே இத்தகைய சிமிட்டலால் முதலில் பாதிக்கப்படக் கூடியவர்கள்.

எண்கள் சொல்வது என்ன?

மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ, எல்இடி விளக்குகளுக்காக 2015-இல் '1789' என்ற எண்ணுள்ள பரிந்துரையை வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: நொடிக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பது ஒன்று, ஒவ்வொரு முறையும் ஒளி எந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது என்பது மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 240 ஹெர்ட்ஸில் சிமிட்டும் ஒளியில், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 19 சதவீதத்திற்குள் இருந்தால் அபாயம் குறைவு என்றும், 8 சதவீதத்திற்குள் இருந்தால் பாதிப்பே தென்படாது என்றும் அந்தக் கணக்கீடு கூறுகிறது. ஒளி முற்றிலும் அணைந்து எரியும் பிடபிள்யூஎம் முறையில் இந்த ஏற்ற இறக்கம் 100 சதவீதம். அத்தகைய முழுச் சிமிட்டல் 'அபாயம் குறைவு' என்ற நிலையை எட்ட 1250 ஹெர்ட்ஸும், 'பாதிப்பு இல்லை' என்ற நிலையை எட்ட 3000 ஹெர்ட்ஸும் தேவை.

இந்த அளவுகோல் அறை விளக்குகளுக்கானது. திரைகளுக்காக வகுக்கப்பட்டது அன்று. அறை விளக்கு பார்வைப் புலம் முழுவதையும் நிறைக்கிறது. திரை அதில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கிறது. ஆகவே இவ்வெண்களைத் திரைக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது. எனினும், 200 ஹெர்ட்ஸ் சிமிட்டலுக்கும் 3000 ஹெர்ட்ஸ் சிமிட்டலுக்கும் இடையே உள்ள தொலைவை அவை தெளிவாக உணர்த்துகின்றன.

பழைய பெட்டித் திரை முதல் ஓஎல்இடி வரை

கண்ணாடிக் குழாய் கொண்ட பழைய கணினித் திரைகள் 60 ஹெர்ட்ஸில் இயங்கும்போது சிமிட்டல் நேரடியாகவே கண்ணுக்குத் தெரியும். அவற்றை 75 அல்லது 85 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தி வைக்குமாறு அக்காலத்தில் அறிவுறுத்தப்பட்டது. பின்னர் வந்த எல்சிடி திரைகளின் பின்புறம் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. மின்சாரம் நின்றாலும் அவற்றின் உட்பூச்சு சற்று நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பதால் சிமிட்டல் மட்டுப்பட்டது.

2010-ஆம் ஆண்டை ஒட்டிக் குழல் விளக்குகளுக்குப் பதிலாக எல்இடி விளக்குகள் வந்தன. மின்சாரம் நிறுத்தப்பட்ட கணமே எல்இடி அணைந்துவிடும். அதே 200 ஹெர்ட்ஸ் அளவிலான துடிப்பு இப்போது முழுமையான எரிதல், முழுமையான அணைதல் என மாறியது. புதிய திரைக்கு மாறியதும் தொல்லை தொடங்கியது என்ற புகார்களுக்கு இந்த மாற்றம் ஏற்புடைய விளக்கமாக அமைகிறது. அதன் பின்னர் பல நிறுவனங்கள் மின்னோட்டத்தைச் சீராகக் குறைக்கும் முறைக்கு மாறி, 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்ற பெயரில் திரைகளை விற்கத் தொடங்கின. டிசி டிம்மிங் எனப்படுவது இந்த முறையே.

ஓஎல்இடி திரைகளின் பரவலால் இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியுள்ளது. பல கைபேசிகளில் இத்துடிப்பு 240 அல்லது 480 ஹெர்ட்ஸ் அளவில் உள்ளது. சில சீன நிறுவனங்கள் 3840 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தி, அதையே விளம்பரப்படுத்துகின்றன. ஒன்பிளஸ் 2019-இல் தனது 7 ப்ரோ கைபேசியில் டிசி டிம்மிங் வசதியைச் சோதனை முறையில் வழங்கியது. 2025-இல் வெளியான ஐபோன் 17 வரிசையில், இத்துடிப்பைத் தவிர்க்கும் தெரிவை ஆப்பிள் நிறுவனம் அணுகல்தன்மை அமைப்புகளில் சேர்த்தது. இச்சிக்கல் வெறும் மனப்பிரமை எனில் இத்தகைய வசதிகளுக்குத் தேவை எழுந்திராது.

120 ஹெர்ட்ஸ் என்றால் சிமிட்டாதா?

இங்கு ஒரு குழப்பத்தைக் களைவது அவசியம். 60, 120, 144 ஹெர்ட்ஸ் என்று விளம்பரங்களில் காணப்படுவது ரெஃப்ரெஷ் ரேட். நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை மட்டுமே அது குறிக்கும். விளக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்பது வேறு எண். 144 ஹெர்ட்ஸ் திரை சிமிட்டலற்றதாகவும் இருக்கலாம். கடுமையாகச் சிமிட்டுவதாகவும் இருக்கலாம். விளையாட்டுக்கான சில திரைகளில், நகரும் படம் தெளிவாகத் தெரிவதற்காக விளக்கை வேண்டுமென்றே அணைத்து எரியவிடும் வசதி உண்டு. அலுவலக வேலையின்போது அதை நிறுத்தி வைப்பது நல்லது.

கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினாலும் தொல்லை வருமா?

திரையை மாற்றவில்லை, கிராஃபிக்ஸ் கார்டை மட்டுமே மாற்றினோம், அல்லது இயங்குதளத்தைப் புதுப்பித்தோம், அதன் பின்னரே தொல்லை தொடங்கியது என்று கூறுவோரும் உள்ளனர். இதற்கு அவர்கள் சுட்டிக்காட்டுவது 'டிதரிங்' என்ற உத்தி.

ஒரு நிறத்திற்கு 6 பிட் கொண்ட மலிவான திரையால் 2,62,144 நிறங்களை மட்டுமே காட்ட இயலும். 8 பிட் திரையால் சுமார் 1.67 கோடி நிறங்களையும், 10 பிட் திரையால் சுமார் 107 கோடி நிறங்களையும் காட்ட இயலும். இல்லாத இடைநிறத்தை உண்டாக்க, அருகருகே உள்ள இரு நிறங்களை ஒரே புள்ளியில் மாறி மாறி வேகமாகக் காட்டுவதே டிதரிங். இதைத் திரையும் செய்யலாம். கிராஃபிக்ஸ் கார்டும் அதை இயக்கும் மென்பொருளும் செய்யலாம். ஆகவே, திரை அதுவாகவே இருக்க, கண்ணை வந்தடையும் ஒளி மாறியிருப்பது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமே.

எனினும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. பிடபிள்யூஎம் முறையில் ஒளி முழுவதுமாக ஏறி இறங்குகிறது. டிதரிங்கில் ஒரு புள்ளி அடுத்தடுத்த இரு நிறப் படிகளுக்கு இடையே மட்டுமே மாறுகிறது. அருகில் உள்ள புள்ளிகள் வெவ்வேறு நேரத்தில் மாறுவதால் ஒட்டுமொத்த வெளிச்சம் ஏறக்குறைய சீராகவே இருக்கும். டிதரிங்கால் கண் சோர்வு ஏற்படுகிறது என்பதற்குப் பயனர்களின் அனுபவங்கள் உள்ளனவே தவிர, பிடபிள்யூஎம் குறித்து இருப்பது போன்ற ஆய்வுத் துணை இல்லை. இதை ஐயமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது.

எழுத்தின் கூர்மையும் திரையின் பளபளப்பும்

சிமிட்டலைப் பற்றிய பேச்சில் எளிய அம்சங்கள் மறக்கப்படுவதுண்டு. 27 அங்குலத் திரையில் 1920×1080 புள்ளிகள் மட்டுமே இருந்தால், ஓர் அங்குலத்திற்கு 82 புள்ளிகளே கிடைக்கும். அதே அளவுள்ள 4கே திரையில் அது 163. தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் முதல் வகைத் திரையில் சிறிய அளவில் மங்கித் தெரிவதற்கு இதுவே காரணம். சில ஓஎல்இடி கணினித் திரைகளில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகள் வழக்கமான நேர்வரிசையில் இல்லாததால், எழுத்தின் ஓரங்களில் நிறக் கசிவு தெரியும். பளபளப்பான கண்ணாடித் திரை, பின்னால் உள்ள சன்னலையும் விளக்கையும் பிரதிபலிக்கும். இவை கண்ணை எழுத்தின் மீது குவிப்பதற்கான உழைப்பைக் கூட்டுகின்றன.

நீல ஒளிக் கண்ணாடி தீர்வாகுமா?

கண் சோர்வு என்றதும் சந்தையில் முதலில் நீட்டப்படுவது நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி. 17 மருத்துவச் சோதனைகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை, இத்தகைய கண்ணாடிகள் சாதாரண கண்ணாடிகளைவிடக் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று குறிப்பிட்டது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் கணினி வேலைக்காக இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பகல் வெளிச்சத்துடன் ஒப்பிட்டால் திரையிலிருந்து வரும் நீல ஒளி மிகச் சொற்பம். சிமிட்டலால் தொல்லைப்படுபவருக்கு இக்கண்ணாடி பயன் தராது. ஒளியின் நிறத்தைத்தான் அது மாற்றுகிறது, துடிப்பை அன்று.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

சிறப்புக் கருவி எதுவுமின்றி எளிய சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

* திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தை மிகவும் குறைக்கவும். இருண்ட அறையில் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக இடவலமாக அசைக்கவும். பென்சில் தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் சிமிட்டல் இல்லை, அல்லது மிக வேகமானது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் சிமிட்டல் இருக்கிறது.

* கைபேசிக் கேமராவின் 'ப்ரோ' முறையில் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ அமைத்துத் திரையை நோக்கவும். அடர்ந்த கருப்புப் பட்டைகள் தெரிந்தால் அது சிமிட்டலின் அறிகுறி. வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டும்போது அவை மறைகின்றனவா என்று பார்க்கவும்.

* இதே சோதனையை அறை விளக்கிற்கும் செய்யவும். உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுவதும் 36 கோடிக்கும் அதிகமான எல்இடி விளக்குகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. இன்று பல வீடுகளில் எல்இடியே பெரும்பான்மை. தரமான மின்சுற்று இல்லாத எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை சிமிட்டும். திரையின் மீது சுமத்தப்படும் பழி விளக்கிற்குரியதாகவும் இருக்கலாம்.

சிமிட்டல் இருப்பது உறுதியானால், செலவில்லாத வழி ஒன்று உண்டு. திரையின் வெளிச்சத்தை உயர்த்தி வைத்து, மென்பொருள் வழியாகப் படத்தை மட்டும் மங்கச் செய்யலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உள்ள 'எக்ஸ்ட்ரா டிம்', ஐபோன்களில் உள்ள 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்' ஆகிய அமைப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அறை வெளிச்சத்தைச் சற்று கூட்டினால், பிரகாசமான திரையும் கண்ணைக் கூசச் செய்யாது.

எதிர்பார்ப்பே அறிகுறியை உண்டாக்கும் என்பதையும் மறுக்க இயலாது. எனவே வீட்டில் உள்ள ஒருவரிடம் அமைப்பை மாற்றச் சொல்லி, எந்த நாளில் எது என்பதை அறியாமலேயே ஓரிரு வாரங்கள் தொல்லையின் அளவைக் குறித்து வைப்பது சிறந்தது. பின்னர் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால், காரணம் திரையா இல்லையா என்பது ஓரளவு புலப்படும். அலுவலகத்தில் மாற்றுத் திரை கேட்கும்போதும், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒற்றை வரியைவிட இந்தக் குறிப்பேடு வலுவான ஆதாரமாக அமையும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஒளிச் சிமிட்டலால் தொல்லைப்படுபவர்கள் புதிய கணினி வாங்கும்போது, கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, மேற்கண்ட கேமரா சோதனையைச் செய்து பார்க்கலாம். டிசி டிம்மிங் அல்லது சிமிட்டலற்ற திரை என்ற குறிப்பு உள்ளதா, பிடபிள்யூஎம் அளவைச் சுயேச்சையான மதிப்பாய்வுகள் வெளியிட்டுள்ளனவா என்று பார்ப்பதும், திரும்பப் பெறும் காலக்கெடுவை உறுதி செய்துகொள்வதும் நல்லது. ஒரே பெயரில் விற்கப்படும் மடிக்கணினிகளிலும் வெவ்வேறு நிறுவனங்களின் திரைகள் பொருத்தப்படுவதால், நண்பருக்கு ஒத்துக்கொண்டது தமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட இயலாது.

இரட்டைப் பார்வை, திடீர்ப் பார்வை மங்கல், கண் வலியுடன் கூடிய சிவப்பு, முன்பு இல்லாத கடும் தலைவலி ஆகியவை இருந்தால், திரையை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் கண் மருத்துவரை அணுக வேண்டும். மற்றவர்களுக்கு 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 நொடிகள் பார்க்கும் பழைய அறிவுரை இன்றும் பயனுள்ளது. ஆனால் அதையெல்லாம் கடைப்பிடித்த பின்னரும் ஒரே ஒரு திரை மட்டும் வருத்துகிறது என்று ஒருவர் கூறினால், அவரை நம்புவதற்கு அறிவியல் போதிய இடம் தருகிறது.

பொறுப்புத் துறப்பு: இச்செய்தியில் உள்ள தகவல்கள் பொதுவான புரிதலுக்கானவை. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாக இவற்றைக் கொள்ள வேண்டாம்.